74 ஆயிரம் கோடி ரூபாயில் நடந்து போகிறவருக்கு எவ்வளவு?

மும்பை மாநகராட்சியின் 2025-26-ஆம் ஆண்டு பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். 2025 பிப்ரவரி 4-ஆம் தேதி இந்தக் கணக்கு வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டின் மதிப்பீடு 59,954 கோடி. ஒரே ஆண்டில் 14 ஆயிரம் கோடிக்கு மேல் ஏறிவிட்டது. கோவா, சிக்கிம் போன்ற மாநில அரசுகளே இவ்வளவு பெரிய பட்ஜெட் போடுவதில்லை. ஆகவே, வார்டு ஆபீசில் யாராவது "பணம் இல்லை" என்று கையை விரித்தால் அதை நம்ப வேண்டியதில்லை. பணம் இருக்கிறது. அது எந்த வழியாகப் போகிறது, யார் வீட்டு வாசல் வரை வருகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தப் பட்ஜெட்டைப் போட்டவர் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய மாமன்றத்தின் காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. கமிஷனரே நிர்வாகியாகவும் இருந்தார். பட்ஜெட்டைத் தயாரித்தவரும் அவர். அதற்கு ஒப்புதல் கொடுத்தவரும் அவர். 1984-85-இல் இப்படி ஒரு நிர்வாகியின் ஆட்சி நடந்தது. அதற்குப் பிறகு இத்தனை நீண்ட காலம் கவுன்சிலரே இல்லாமல் மும்பை இருந்தது இப்போதுதான். கடைசியில் 2026 ஜனவரி 15-ஆம் தேதி 227 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. இனி கேள்வி கேட்க ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபையில் எதைக் கேட்பது?

முதலில் ஒரு சிறு கணக்கு. 74,427 கோடியில் 43,162 கோடி மூலதனச் செலவு. அதாவது நூற்றுக்கு 58 பங்கு. புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் பணம் இது: சாலை, சுரங்கம், மேம்பாலம், சுத்திகரிப்பு நிலையம். மீதிதான் அன்றாடச் செலவு. சம்பளம், பென்ஷன், குப்பை, மருந்து, பள்ளிக்கூடம், பழுதுபார்ப்பு எல்லாம் அதில் அடக்கம். கட்டுகிற செலவு கூடினால் வளர்ச்சி என்று பாராட்டுவது வழக்கம். ஓரளவுக்கு அது சரியே. ஆனால் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் கோவண்டியிலும் குடியிருக்கும் ஒரு தொழிலாளி, காலை முதல் இரவு வரை மாநகராட்சியிடமிருந்து பெறுவது அன்றாடச் செலவின் பங்கைத்தான். குழாய்த் தண்ணீர், கழிப்பறை, பஸ், நடைப்பாலம், ஆஸ்பத்திரிச் சீட்டு. புதிய சுரங்கம் அவர் கணக்கில் வருவதில்லை.

நடைப்பாலமும் கடற்கரைச் சாலையும்

2019 மார்ச் 14-ஆம் தேதி மாலை, சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்தை ஆசாத் மைதானப் பக்கத்தோடு இணைத்த நடைப்பாலம் இடிந்து விழுந்தது. ஹிமாலயா பாலம் என்று பெயர். ஏழு பேர் மாண்டனர். அவர்களில் மூவர் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த செவிலியர்கள். பாலம் ரயில்வேக்குச் சொந்தமா, மாநகராட்சிக்குச் சொந்தமா என்று முதல் சில மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு, பராமரிப்பு மாநகராட்சியுடையது என்று தெளிவாயிற்று. சில மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பாலத்தைப் பரிசோதித்து, சிறு பழுதுபார்ப்பு போதும் என்று சான்றும் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பாலம் முப்பது சொச்சம் மீட்டர் நீளம். அதைத் திரும்பக் கட்டித் திறந்தது 2023 மார்ச் மாதக் கடைசியில். நான்கு ஆண்டுகள்! இடையில் கொரோனா வந்தது உண்மை. ஆனால் அதே கொரோனா காலத்தில்தான், அதே மாநகராட்சி, கடலைத் தூர்த்தும் மலபார் ஹில்லுக்கு அடியில் சுரங்கம் குடைந்தும் கடற்கரைச் சாலையைப் போட்டுக்கொண்டிருந்தது. 2018-இல் தொடங்கிய அந்த வேலையை உயர்நீதிமன்றம் 2019-இல் நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அனுமதித்த பிறகு மீண்டும் தொடர்ந்தது. 2024 மார்ச்சில் முதல் பகுதியைத் திறந்தார்கள். 10.58 கிலோமீட்டர் நீளம். செலவு ஏறத்தாழ 14 ஆயிரம் கோடி. கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 1,300 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் ஸ்கூட்டர் போகக் கூடாது. ஆட்டோ போகக் கூடாது. கார் உள்ளவர்கள் மரைன் டிரைவிலிருந்து வொர்லிக்குச் சில நிமிஷங்களில் போய்ச் சேருகிறார்கள்.

சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வருவது இதுதான். பதினான்காயிரம் கோடி ரூபாய் வேலையை ஆறு ஆண்டில் செய்து காட்டும் திறமை உள்ள நிர்வாகம், முப்பது மீட்டர் நடைப்பாலத்துக்கு நான்கு ஆண்டு எடுத்துக்கொள்கிறது என்றால் அது திறமைக் குறைவு அல்ல. அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

அவசரம் என்று நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே நகரத்தில் சாட்சி உண்டு. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில், இன்றைய பிரபாதேவியில், நடைப்பாலத்து நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். நாடே கொதித்தது. ராணுவத்தை அழைத்தார்கள். எல்பின்ஸ்டன், கரி ரோடு, அம்பிவலி ஆகிய மூன்று இடங்களில் ராணுவம் நடைப்பாலங்களைக் கட்டியது. 2018 பிப்ரவரி முடிவதற்குள் மக்கள் அவற்றின் மேல் நடந்தார்கள். ஐந்தே மாதம்.

அந்தேரி கோகலே பாலத்தின் கதையோ சிரிப்பதா அழுவதா என்று தெரியாதது. 2018 ஜூலையில் அதன் நடைபாதைப் பகுதி ரயில் பாதை மீது விழுந்தது. 2022 நவம்பரில் பாலத்தை முழுதாக மூடினார்கள். 2024 பிப்ரவரியில் புதுப் பாலத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தபோது, பக்கத்தில் உள்ள பர்ஃபிவாலா மேம்பாலம் கீழேயும் புதுப் பாலம் மேலேயும் நின்றன. இரண்டையும் இணைக்கப் பிறகு தனியாக வேலை நடந்தது. அளந்து தைக்கத் தெரியாத தையற்காரரிடம் கோட்டு கொடுத்த கதைதான்.

மும்பைப் பிரதேசத்துக்காக 2008-இல் முடிந்த பெரிய போக்குவரத்து ஆய்வு, மக்கள் ஒரு நாளில் செய்யும் பயணங்களில் ஏறத்தாழ பாதி கால்நடையாகவே நடக்கிறது என்று கண்டது. மீதியில் பெரும் பங்கு ரயிலும் பஸ்ஸும். ரயிலில் போகிறவரும் ஸ்டேஷன் வரை நடந்தே போகிறார். எனவே ஆண்டுதோறும் மூலதனச் செலவில் நடைபாதைக்கும் நடைப்பாலத்துக்கும் என்று ஒரு பங்கைப் பிரித்து வைத்துவிட வேண்டும். அதை வேறு வேலைக்கு மாற்றக் கூடாது. ஒரு நடைப்பாலத்தை மூடினால், திறக்கும் தேதியை அன்றே பலகையில் எழுதி மாட்ட வேண்டும். மாற்று வழி அமைக்காமல் மூடக் கூடாது. இதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை.

யானைப் பசிக்குச் சோளப்பொரி

அடுத்தது பெஸ்ட் பஸ். 1947-இல் மாநகராட்சி எடுத்துக்கொண்ட நிறுவனம் இது. தென் மும்பைக்கு மின்சாரமும் நகரம் முழுதுக்கும் பஸ்ஸும் தருவது அதன் வேலை. மின்சாரத்தில் வந்த லாபத்தை வைத்து பஸ் நஷ்டத்தைச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது. மின்சாரச் சட்டமும் ஒழுங்குமுறை ஆணையமும் வந்த பிறகு அந்த வழி அடைபட்டது. 2019 ஜனவரியில் ஊழியர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு மத்தியில் ஊழியர் சங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில், சொந்தமாக 3,337 பஸ்களை வைத்துக்கொள்வதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நடந்தது வேறு. பழைய பஸ்கள் ஆயுள் முடிந்து கழிந்தன. அவற்றுக்குப் பதிலாகச் சொந்த பஸ் வாங்காமல், தனியாரிடமிருந்து டிரைவரோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கு மேல் இருந்த பஸ்கள் 2025-இல் மூவாயிரத்துக்குள் வந்துவிட்டன. அதிலும் சொந்த பஸ் சில நூறுதான்.

பஸ் குறைந்தது, கட்டணம் கூடியது. 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தபோது பிரயாணிகள் திரும்பி வந்தார்கள். 2025 மே 9-ஆம் தேதி முதல் அது 10 ரூபாய் ஆயிற்று. குளிர்சாதன பஸ்ஸில் 6 ரூபாய் 12 ஆயிற்று. ஸ்டேஷனிலிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று 26 நாள் பஸ் ஏறுகிற குமாஸ்தாவுக்கு மாதம் 260 ரூபாயாக இருந்த செலவு 520 ஆகிவிட்டது. வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் ஆயிரத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் நகரச் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. மராட்டிய அரசும் 2023 மார்ச் முதல் தன் எஸ்.டி. பஸ்களில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் வாங்குகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும் தாய்மார்கள் பெஸ்ட் பஸ்ஸில் ஏறியதும் இதை ஒப்பிட்டுப் பேசாமல் இருப்பார்களா?

2025-26-இல் பெஸ்டுக்கு மாநகராட்சி ஒதுக்கியது ஆயிரம் கோடி. பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் இது கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் போட ஆன செலவுக்கும் குறைவு. தினமும் இருபத்தைந்து, முப்பது லட்சம் பேரை ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான். மேலும், சாலைக்குக் கொடுப்பது முதலீடு என்றும் பஸ்ஸுக்குக் கொடுப்பது உதவி என்றும் எழுதப்படுகிறது. சாலையால் வருமானம் இல்லாததை யாரும் நஷ்டம் என்று சொல்வதில்லை. பஸ் மட்டும் நஷ்டத்தில் ஓடுகிறதாம்!

பெஸ்டின் பட்ஜெட்டை மாநகராட்சியின் பட்ஜெட்டோடு ஒன்றாக இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. முந்தைய மாமன்றத்திலேயே இது பேசப்பட்டது. புதிய மாமன்றம் முதலில் கையில் எடுக்க வேண்டிய காரியம் இது. இணைத்துவிட்டால் ஆண்டுதோறும் கை நீட்டி நிற்க வேண்டியதில்லை. பிறகு, சாலைகளில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் விட்டால் அதே பஸ், அதே டிரைவரை வைத்துக்கொண்டு ஒரு நாளில் கூடுதல் நடை ஓட்டலாம்.

கழிப்பறைக் காசு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பையில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வசிக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வீட்டில் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பறைதான். 1990-களில் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டத்தில், கட்டடத்தை மாநகராட்சி கட்டிக் கொடுத்து, பராமரிப்பை அந்தந்தப் பகுதி மக்களின் சங்கத்திடம் ஒப்படைக்கும் முறை ஏற்பட்டது. கேட்க அழகான ஏற்பாடு. மக்கள் பங்கேற்பு என்று பெயர். உண்மையில் நடந்தது என்ன? மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், காவலாளி கூலி, தொட்டி அடைத்துக்கொண்டால் அதை வாரும் செலவு என எல்லாம் குடிசைவாசிகள் தலையில் விழுந்தன. ஒரு தடவைக்கு 2 ரூபாய் முதல் 5 ரூபாய் வரை வசூலிக்கிறார்கள். சில இடங்களில் மாதப் பாஸ். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு தடவை 2 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 300 ரூபாய். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்று தாயைத்தான் கேட்க வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி முதல் 500 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு மும்பையில் சொத்து வரி இல்லை. நடுத்தர மக்களுக்கு நல்ல காரியம். பல தமிழ்க் குடும்பங்களுக்கும் லாபம். ஆனால் சொந்தக் கழிப்பறை உள்ள வீட்டுக்கு வரி கிடையாது. கழிப்பறை இல்லாத வீடு கழிப்பறைக்காக வருஷம் 3,600 ரூபாய் கொடுக்கிறது. இதை யார் நினைத்துச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. யாருமே நினைக்காததால் வந்த நிலை இது.

மாநகராட்சி ஏழு இடங்களில் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டுகிறது. தாராவியும் அந்த ஏழில் ஒன்று. கடலும் மித்தி ஆறும் சுத்தமாக இது தேவையான வேலை. மூலதனச் செலவில் குறை சொல்ல முடியாத பகுதி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பெரிய நிலையம் ஒரு பக்கம் எழும்போது, அதே வட்டாரத்துச் சந்துகளில் உள்ள கழிப்பறைகள் பலவற்றுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பே இல்லாமல் தொட்டியை நம்பி நிற்கின்றன. பெரிய குழாய் வந்தும் சின்னக் குழாய் வரவில்லை என்றால் யாருக்கு லாபம்?

முடியாத காரியம் என்று சொல்லித் தப்ப முடியாது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிடப்படும் இடம். அங்கு நோய் பரவினால் நகரமே தப்பாது என்று எல்லோரும் பயந்தார்கள். மாநகராட்சி என்ன செய்தது? அங்குள்ள சுமார் 450 பொதுக் கழிப்பறைகளை ஒரு நாளில் பல தடவை மருந்து தெளித்துச் சுத்தம் செய்தது. வீடு வீடாக டாக்டர்கள் போனார்கள். பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் தனிமை முகாம்களாயின, சாப்பாடும் வந்தது. அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார். அதே கட்டடம், அதே சந்து, அதே ஊழியர்கள். மேட்டுக்குடிக்கும் ஆபத்து என்று தெரிந்த சில மாதங்கள் மட்டும் கழிப்பறை சுத்தமாக இருந்தது என்று தாராவிக்காரர்கள் சொன்னால், அதில் கசப்பு இருக்கும்; பொய் இருக்காது.

கழிப்பறைக் காவலாளியின் கூலியையும் மின்சார, தண்ணீர்க் கட்டணத்தையும் மாநகராட்சி தன் அன்றாடச் செலவில் ஏற்றுக்கொள்ள வேண்டும். கழிவுநீர்க் குழாய்ப் பக்கத்தில் உள்ள கழிப்பறைகளை முதலில் இணைக்க வேண்டும். பெண்கள் இரவில் போகும் வழியில் விளக்கு வேண்டும். இவை சுரங்கம் தோண்டுகிற செலவு அல்ல.

அதிகாரிகள் சொல்லும் பதில்

இதற்கெல்லாம் அதிகாரிகளிடம் ஒரு பதில் உண்டு. 2017 ஜூலை முதல் ஆக்ட்ராய் போய்விட்டது; ஜி.எஸ்.டி. வந்ததால் மாநில அரசு தரும் இழப்பீட்டை நம்பியிருக்கிறோம். 2022-இல் வங்கிகளில் 90 ஆயிரம் கோடிக்கு மேல் இருந்த டெபாசிட், 2025 பட்ஜெட் சமயத்தில் 82 ஆயிரம் கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. ஒப்புக்கொண்ட வேலைகளுக்கு இன்னும் இரண்டு லட்சம் கோடிக்கு மேல் தேவை. குடிசைப் பகுதியோ வரி கட்டுவதில்லை என்கிறார்கள்.

டெபாசிட் இறங்குவதும் வேலைகள் குவிவதும் கவலைப்பட வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அந்த இரண்டு லட்சம் கோடியை ஏற்படுத்தியது கழிப்பறையா, நடைப்பாலமா? பெரும் சாலைகளும் இணைப்புச் சுரங்கங்களும்தானே? வரி விஷயமும் அப்படியே. 2025-26-இல் எதிர்பார்த்த ஜி.எஸ்.டி. இழப்பீடு சுமார் 14,400 கோடி. சோப்பும் செருப்பும் வாங்குகிற குடிசைவாசியும் ஜி.எஸ்.டி. கொடுத்துத்தான் வாங்குகிறார். போதாதென்று, குடிசைப் பகுதிகளில் கடையும் தொழிலும் நடக்கும் ஐம்பதாயிரம் இடங்களுக்குச் சொத்து வரி போட்டு 350 கோடி திரட்டலாம் என்றும் அந்தப் பட்ஜெட் சொன்னது. தாராவியில் தோல் பட்டறையும் இட்லி வியாபாரமும் நடத்துகிற தமிழர்களை நேராகத் தொடும் திட்டம் இது. 2025 ஏப்ரலில் குப்பைக்கு வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் என்று ஒரு வரைவு விதியும் வந்தது. சின்ன வீட்டுக்கு 100 ரூபாய் என்று அதில் கண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் போட்டார்கள்.

வரி கேட்பது தவறில்லை. பட்டறைக்காரரிடம் வரி வாங்கினால் அந்தச் சந்துக்குச் சாக்கடையும் தண்ணீர் இணைப்பும் வர வேண்டும். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு எழுந்த குடிசைகளுக்கும் தண்ணீர் மறுக்கக் கூடாது என்று 2014 டிசம்பரிலேயே பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் தண்ணீர் என்ற திட்டத்தை மாநகராட்சி தொடங்கியதோ 2022-இல். அதற்குப் பிறகும் கேன் கணக்கில் தண்ணீர் வாங்குகிற பகுதிகள் உண்டு. வார்டு வாரியாக எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று ஒரு பக்கக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால் பாதிச் சச்சரவு தீரும்.

பள்ளிக்கூடம் பற்றியும் ஒரு வார்த்தை. மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் என எட்டு மொழிகளில் பாடம் சொல்லும் மாநகராட்சி இது. இப்படி வேறு எந்த ஊர் மாநகராட்சியிலும் காண்பது அரிது. 2020 முதல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் திறக்கப்பட்டன, பெற்றோர் கூட்டம் அங்கே போகிறது. தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதற்கு மாநகராட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் காலி வாத்தியார் இடத்தை நிரப்பாமல் வைத்து, பிள்ளைகள் வரவில்லை என்று வகுப்பை மூடுவது நியாயம் ஆகாது.

அவசரக் குறைகளுக்கு மாநகராட்சியின் 1916 என்ற தொலைபேசி எண் உண்டு. புகார் செய்தால் ஒரு எண் கொடுப்பார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புகார் எண் இல்லாமல் கவுன்சிலரைப் பார்க்கப் போனால் "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி முதல் வாரத்தில் வரும். அதற்குள் பொதுமக்களின் யோசனைகளைக் கமிஷனர் அலுவலகம் கேட்பதும் உண்டு, 2025-லும் கேட்டார்கள். டிசம்பரில் எழுதினால்தான் அது கணக்கில் ஏறும். பட்ஜெட் வெளியான பிறகு மாலை போட்டு மனுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் பலன் இல்லை. அங்கங்கே உள்ள தமிழ்ச் சங்கங்கள் மராத்தியில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவரை உட்கார வைத்து எழுதினால் போதும். எந்த வார்டு, எந்தச் சந்து, கழிப்பறையில் எத்தனை இருக்கை, அதில் எத்தனை எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, பஸ் எண் என்ன, எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது. இவ்வளவும் ஒரே தாளில் அடங்கிவிடும்.